இரண்டு பத்துக்கு அடித்த மணி

முந்தின நாள் சாயங்காலம் பிறை தென்படவில்லை என்று தொலைக்காட்சியில் அறிவித்ததிலிருந்தே எனக்குக் கவலை தொற்றிக்கொண்டது. மற்றவர்களுக்கு அது நோன்பு சமாசாரம். எனக்கு அறை சமாசாரம்.

என் வீட்டுக்காரர் பிறைக்குக் காத்திராமல் கணக்குப் பார்த்து நோன்பு வைக்கிற கட்சி. அவருக்குப் புதன்கிழமையே முதல் நோன்பு. நான் பிறந்த வீட்டு வழக்கப்படி, பிறை கண்டதாக அரசாங்கம் சொன்ன பிறகு வைக்கிறவள். எனக்கு வியாழன். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் குடித்தனம் நடக்கிறது, இதற்காக ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அந்தப் புதன் விடிகாலையில் எழுந்து அவருக்குச் சஹர் சோறு போட்டேன், ஆறு மணிக்கு நான் உட்கார்ந்து சூடாக நாலு மெந்தோவான், அதான் சோயா அடை பஜ்ஜி, தின்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். ஒரு வீட்டில் இரண்டு காலண்டர் இருக்கலாம். ஒரு கட்டிடத்தில் இருந்தால்தான் தொல்லை.

என் பெயர் குஸ்மியாத்தி. எங்கள் ஊரில் அம்மா என்பதற்கு இபு, ஐயா என்பதற்கு பாக்; அதனால் எல்லாருக்கும் நான் இபு குஸ். பல்கலைக்கழகத்தின் பொது வகுப்புக் கட்டிடத்தில் அறை ஒதுக்குகிற வேலை. ஆறு துறைகளுக்கும் சேர்த்து இருபத்து நாலு அறைகள். எந்தத் துறைக்கும் சொந்தமில்லை, ஆனால் ஒவ்வொரு துறையும் தன் பாட்டன் கட்டி வைத்தது போல்தான் பேசும். கீழ்த்தளத்தில் சாவிப் பலகைக்கு முன்னால் என் மேசை. மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் மணியின் சுவிட்சு. இந்தக் கட்டிடம் முன்னே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாக இருந்தது, மணி அந்தக் காலத்தில் வைத்தது. பேராசிரியர்களாக இருந்தாலும் இங்கே மணி அடித்தால்தான் எழுந்திருப்பார்கள், மணி அடித்தால்தான் அடுத்த வகுப்பு உள்ளே நுழையும். பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி என் கழுத்துக் கயிற்றில்.

நோன்பு மாதம் வந்தால் ஒவ்வொரு செஷனும் நூறு நிமிஷத்திலிருந்து எண்பது நிமிஷமாகக் குறையும். 'ரமலான் முதல் நாள் தொடங்கிக் குறுகிய நேரம் நடைமுறைக்கு வரும்' என்று சுற்றறிக்கை வந்திருந்தது. எந்த முதல் நாள் என்று அதில் இல்லை. புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கு நீளமா, குட்டையா?"

"இபு குஸ், ரெண்டு பக்கமும் மனசு நோகக் கூடாது பாருங்க. நீங்களே பக்குவமா பாத்துக்கங்க."

"பக்குவத்துக்கு எத்தனை நிமிஷம்னு சொல்லுங்க, அடிச்சிடறேன்."

போனை வைத்துவிட்டார்கள். பெரிய இடத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு சௌகரியம்.

நானும் என்ன செய்வேன், இரண்டையும் அடிப்பது என்று முடிவு கட்டினேன். நீள நேரத்துக்கு ஒரே நீளமாக ஒரு மணி, குட்டை நேரத்துக்கு வெடுக் வெடுக்கென்று இரண்டு. மணிக் குறிப்பேட்டில் இரண்டு கோடு போட்டுத் தனித்தனியாக எழுதிக்கொண்டு வந்தேன். ஏழு மணிக்கு ஒன்று, ஏழரைக்கு இரண்டு, எட்டு நாற்பதுக்கு ஒன்று, எட்டு ஐம்பதுக்கு இரண்டு. ஒன்பது மணிக்குள் என் காலே தரையில் நிற்க மறுத்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு விரிவுரையாளர் பாதி வகுப்பில் தொண்டை காய்ந்து வெளியே வருகிறார், இன்னொருவர் தண்ணீர்ப் புட்டியும் கையுமாக உள்ளே போகிறார். ஒரே மாணவனுக்கு ஒரு வகுப்பு முடிவதற்குள் இன்னொரு வகுப்பு தொடங்கிவிடுகிறது. மேலும் கீழும் ஓடுகிறார்கள். படிக்கட்டில் சந்தைக் கூட்டம்.

கணினித் திரையில் மட்டும் எல்லாம் சமர்த்தாக இருந்தது. அங்கே எல்லாரும் செஷன் எண்ணைப் போட்டுத்தான் அறை வாங்குவார்கள். நாலாவது செஷனில் ஒருத்தர், ஐந்தாவதில் ஒருத்தர் என்றால் அதற்கு மோதலே தெரியாது. கடிகாரம் இரண்டாகப் போனது அதற்கு எப்படித் தெரியும்.

பத்தேகாலுக்கு மேல்தான், பச்சைத் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டு போகும்போது, எனக்குச் சப்தோ ஞாபகம் வந்தான். கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன்.

சப்தோ விவசாயத் துறை மாணவன். மாணவன் என்றால் இருபத்தாறு வயது, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். எங்கள் பான்யுமாஸ் பக்கம் தென்னை ஏறிப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுகிற குடும்பங்கள் நிறைய. அவன் அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபோது, சப்தோ படிப்பை விட்டுவிட்டு மூன்று வருஷம் காலையும் மாலையும் முப்பத்தைந்து மரம் ஏறினான். பெயரை மட்டும் பதிவேட்டில் உயிரோடு வைத்திருந்தான். பதினான்கு செமஸ்டருக்குமேல் யாரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பதினான்காவது செமஸ்டர்காரர்கள் பட்டம் முடிக்கக் கடைசிக் கெடு இந்தப் புதன்கிழமை. அன்றைக்கு வைவா முடிந்து தாள் துறை அலுவலகத்துக்குப் போனால் அவன் பட்டதாரி. போகாவிட்டால் மறுநாள் காலை பெயர் நீக்கம், ஏழு வருஷமும் காற்றோடு.

மூன்று வாரம் முன்னால் என் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான். புதன், நாலாவது செஷன், அறை 204 என்று போட்டுக் கொடுத்தேன்.

"இபு, அறை மாறிடாதே?" என்றான்.

"நான் குடுத்த அறை மாறி எப்பவாவது பாத்திருக்கியா? போய்ப் படி. அறை என் பொறுப்பு."

அப்படித்தான் சொன்னேன். பெருமைக்குச் சொன்னேன். அந்தப் புதன் எந்தக் காலண்டரில் விழும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த மேசையில் குப்பை கொட்டியவள் நான், எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

நாலாவது செஷன் நீள நேரப்படி ஒரு மணிக்குத் தொடங்கி இரண்டு நாற்பதுக்கு முடியும். குட்டை நேரப்படி பன்னிரண்டரைக்குத் தொடங்கி ஒன்று ஐம்பதுக்கு முடியும். வைவாவுக்குத் தேர்வாளர்கள் இரண்டு பேர். வழிகாட்டி பாக் வாஸ்கிதோ பிறைக் கட்சி. இன்னொரு தேர்வாளர் இபு இஸ்னைனி கணக்குக் கட்சி. இருவருக்கும் போன் போட்டேன். வாஸ்கிதோ வகுப்பில் இருந்தார், எடுக்கவில்லை. இஸ்னைனி வகுப்பு நாளில் போனைப் பையிலிருந்தே எடுக்க மாட்டார். சப்தோவும் பன்னிரண்டு மணி தாண்டித்தான் எடுத்தான், அப்போது அவன் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாதி வழியில் இருந்தான்.

"இபு, ஒரு மணிக்குத்தானே? தேர்வாளருக்குப் பலகாரப் பெட்டி வாங்கிட்டு வந்துடறேன்."

"பெட்டி கிடக்கட்டும்டா. நீ வந்து சேரு."

சரியாகப் பன்னிரண்டரைக்கு இபு இஸ்னைனி என் மேசைக்கு முன்னால் நின்றார். சின்ன உருவம், இஸ்திரி மடிப்புக் கலையாத முக்காடு, கையில் சப்தோவின் ஆய்வேடு. ஏடு முழுக்கச் சிவப்பு மையில் கேள்விக்குறி. மணி அடித்தால் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறவர் என்று பெயர் வாங்கியவர்.

"204 சாவி குடுங்க. பையன் எங்க?"

"வந்துட்டிருக்கான் இபு. அவன் ஒரு மணின்னு..."

"ஒரு மணியா? குட்டை நேரம் ஆரம்பிச்சாச்சு. காலையிலேருந்து நீங்கதானே ரெட்டை மணி அடிக்கிறீங்க?"

"ஒத்தை மணியும் நான்தான் அடிக்கிறேன் இபு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது திரும்பி வந்து சாவியை மேசையில் வைத்தார். சப்தோ அப்போதுதான் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மூன்று பலகாரப் பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றான். அவரைக் கண்டதும் பெட்டிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பின்னாலிருந்து பொரித்த ரிசோலெஸ் வாசம் வந்தது.

"இருபது நிமிஷம் வெறும் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றார் இஸ்னைனி, அவனைப் பார்க்காமல் என்னிடம். "எனக்கு அஞ்சாவது செஷன் 301ல வகுப்பு. ஒன்னு அம்பதுக்கு நான் இங்க இல்ல."

"இபு, வைவா ஒரு மணி நேரமாவது நடக்கணும், இல்லன்னா செல்லாது. வாஸ்கிதோ சார் ஒரு மணிக்குத்தான் வருவாரு. இன்னிக்கு விட்டா இவனுக்கு வேற நாள் இல்ல."

"தெரியும். பதினாலு செமஸ்டர். ஆய்வேட்டுல போட்டிருக்கு." கையிலிருந்த ஏட்டை மூடி மாடியைக் காட்டினார். "மேல 301ல முப்பது பிள்ளைங்க உக்காந்திருக்கும். அதுங்களும் பிள்ளைங்கதானே. இது யார் தப்பு?"

"என் தப்பு."

எனக்கே ஆச்சரியம், அவ்வளவு சீக்கிரம் வாயிலிருந்து வந்துவிட்டது. சப்தோ என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் பரிதாபமாகப் பார்த்தான். எனக்கு முகம் எரிந்தது.

"அப்ப வழியும் நீங்களே பண்ணுங்க" என்றார் இஸ்னைனி. "நான் மணி அடிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் இல்ல."

சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினார். வாஸ்கிதோ ஒரு மணிக்கு, வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். மதியச் சோறு அப்போதுதான் முடிந்திருக்கிறது. சப்தோவின் கணினியைத் திரையோடு இணைக்க ஒரு வயர் கிடைக்காமல் நான் மூன்று அறை ஏறி இறங்கினேன். வைவா விதிப்படி மூன்று பேரின் போன்களையும் ஒரு கூடையில் போட்டு வெளியே எடுத்து வந்தேன். கதவைச் சாத்தும்போது என் கைக்கடிகாரத்தில் ஒன்று பத்து. அறைச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பத்து வரை நடந்தால் செல்லும். ஒன்று ஐம்பதுக்கு முடிந்தால் நாற்பது நிமிஷம், குப்பைக் காகிதம்.

கீழே வந்து உட்கார்ந்தேன், எழுந்தேன். சாவிப் பலகையில் சாவிகளை வரிசை மாற்றி மாட்டினேன், திரும்பப் பழைய வரிசைக்கே மாட்டினேன். 301 மாணவர்களிடம் போய் நின்று, "உங்க இபு இருபது நிமிஷம் லேட்டா வந்தா உங்களுக்குக் கசக்குமா?" என்று கேட்டேன். "வராமலே இருந்தாலும் கசக்காது இபு" என்றான் பின் வரிசையில் ஒருவன். சரி, அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. பிரச்சினை 204க்குத்தான். ஐந்தாவது செஷனில் அந்த அறை பாக் ஜாத்மிகோவுக்கு. நாற்பது பேர் வகுப்பு. ஜாத்மிகோ இந்தக் கட்டிடத்தின் பொறுப்பாளரும்கூட. என் விடுப்புச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர். அவரும் கணக்குக் கட்சிதான்.

ஒன்று நாற்பத்தெட்டுக்கு மரப்பெட்டியைத் திறந்தேன். இரண்டு மணி அடிக்க வேண்டும், வெடுக் வெடுக்கென்று. விரலைச் சுவிட்சின்மேல் வைத்தேன். ஒன்பது வருஷமாக ஒரு மணிகூட நான் தவற விட்டதில்லை. என் மகளுக்குப் பேறுகால வலி எடுத்த அன்றைக்குக்கூட மூன்றாவது செஷன் மணியை அடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒன்று நாற்பத்தொன்பது. 204இல் சுவர்க் கடிகாரம் செத்துப் பல மாதம் ஆகிறது, பேட்டரி கேட்டு நான் எழுதிய கடிதம் இன்னும் ஜாத்மிகோ மேசையில் கிடக்கிறது. போன்கள் என் கூடையில். மூவரும் கைக்கடிகாரம் கட்டுவதில்லை, கணினித் திரை முழுக்கச் சப்தோவின் ஆய்வுப் படங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு நேரம் சொல்ல இந்த மணியைத் தவிர எதுவும் இல்லை. 'மணி அடிக்கிற வரைக்கும்' என்று இஸ்னைனி சொன்னது அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

ஒன்று ஐம்பது ஆனது. விரலை எடுத்தேன். பெட்டியைப் பூட்டினேன். சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

கட்டிடம் முழுக்க ஒரு தயக்கம் பரவுவது கீழே உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. நாற்காலி இழுபடுகிற சத்தம் இல்லை. படிக்கட்டில் இரண்டொருவர் இறங்கி வந்து, என்னைப் பார்த்துவிட்டு, திரும்பி ஏறினார்கள். ஐந்து நிமிஷம் கழித்து பாக் ஜாத்மிகோ வந்தார்.

"குஸ், மணி என்னாச்சு?"

"சுவிட்சு கொஞ்சம் மக்கர் பண்ணுது சார்."

"திறங்க, பாப்போம்."

"சாவி..."

"சாவி உங்க கழுத்துல தொங்குது." அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். "உங்களுக்கு நாளைக்குத்தான் நோன்பு. பொய் சொல்றதெல்லாம் இன்னிக்கே சொல்லி முடிச்சிடலாம்னு பாக்கறீங்களா?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "சுவிட்சு நல்லாத்தான் இருக்கு. நான்தான் அடிக்கல."

"எதுக்கு?"

"204ல வைவா நடக்குது. இன்னும் பதினஞ்சு நிமிஷம்."

"என் பிள்ளைங்க நாப்பது பேர் வராந்தாவுல நிக்குது. எனக்குத் தொண்டை காஞ்சு கிடக்கு. இந்த ஒரு வகுப்பை முடிச்சா வீட்டுக்குப் போய்ப் படுப்பேன்."

"உக்காருங்க சார். காத்தாடி இங்க நல்லா சுத்தும்."

"குஸ், என்னை இன்னிக்குக் கோபப்பட வைக்காதீங்க. நோன்பு முறிஞ்சிடப் போகுது."

"அதான் சொல்றேன், உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. என் மேசைக்கும் வாசலுக்கும் நடந்தார். நான் மரப்பெட்டிக்கு முன்னால் நின்றேன். பெண்பிள்ளையின் கழுத்திலிருந்து சாவியைப் பிடுங்குகிற ஆள் இல்லை அவர், அது எனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் நின்றேன். இரண்டு மணிக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐந்துக்குப் பார்த்தார். இரண்டு எட்டுக்கு, "எழுத்து மூலமா விளக்கம் கேப்பேன்" என்றார். "கேளுங்க" என்றேன்.

இரண்டு பத்துக்குப் பெட்டியைத் திறந்து வெடுக் வெடுக்கென்று இரண்டு மணி அடித்தேன்.

மேலே 204இன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இபு இஸ்னைனிதான் முதலில் இறங்கி வந்தார், வழக்கம்போல. கூடையிலிருந்து தன் போனை எடுத்தார், திரையில் நேரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாலாவது செஷன் இன்னிக்கு ரொம்ப நீளம், குஸ்."

"நோன்பு வெச்சிருக்கறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும் இபு."

"இருக்கும், இருக்கும்." கையில் சப்தோவின் பலகாரப் பெட்டி இருந்தது, நோன்பு திறக்கும்போது சாப்பிட. "அவன் ஆய்வு பண்ண வேர் அழுகலைப் பத்தியே அவனுக்கு ஒன்னும் தெரியாதுன்னு நெனச்சேன். முதல் நாப்பது நிமிஷம் அப்படித்தான் உளறினான். அப்புறம்தான் பேசினான்." 301க்கு மாடி ஏறிப் போனார்.

சப்தோ தாளோடு ஓடி வந்தான். தேர்ச்சி என்று எழுதி இரண்டு கையெழுத்து. நான் முடிந்த நேரத்தை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். குட்டை நேரப்படி துறை அலுவலகம் இரண்டரைக்குச் சாத்திவிடும் என்று தலைதெறிக்க ஓடினான். அங்கே இருந்த எழுத்தர் பிறைக் கட்சி. நாலு மணி வரை கடை விரித்து உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாராம்.

வெள்ளிக்கிழமை ஜாத்மிகோ கூப்பிட்டார். அவர் மேசையில் என் மணிக் குறிப்பேடு திறந்து கிடந்தது. கோபம் ஆறியிருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தலைமை அலுவலகத்துலேருந்து கேக்கறாங்க. நாலாவது செஷன் மணி குட்டை நேரப்படி இருபது நிமிஷம் தாமதம். சரி, புதன்கிழமை அவங்க கணக்குல நோன்பே ஆரம்பிக்கல, நீள நேரம்தான்னு எடுத்துக்கிட்டாலும் முப்பது நிமிஷம் முன்னாடி. எந்தக் காலண்டர்ல பாத்தாலும் தப்பா அடிச்ச ஒரே மணி இதுதான் குஸ். ஒரு ஆள் எப்படி இப்படி ஒரு காரியம் பண்ண முடியும்னு கேக்கறாங்க."

"கஷ்டப்பட்டுத்தான் சார்."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். குரலைத் தாழ்த்தினார். "ஒன்பது வருஷம். எச்சரிக்கைக் கடிதம்னு ஒன்னு உள்ள போனா வர்ற பதவி உயர்வு உங்களுக்கு இல்ல. குறிப்பேட்டுல இதை 1:50ன்னு திருத்திடுங்க. எழுதறப்ப கை தவறிடுச்சுன்னு நான் சொல்லிக்கறேன். என் பிள்ளைங்க வராந்தாவுல நின்னதை நான் மறந்துடறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். நிஜமாகவே நன்றியாக இருந்தது. பேனாவைக் கையில் எடுத்தேன். இரண்டே இலக்கம். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல வேண்டியிருக்காது.

"சார், வைவா தாளோட குறிப்பேட்டு நகலும் சேர்த்துத்தானே மேல போகுது?"

"ஆமா. வழக்கம்தானே."

அறைச் சீட்டில் தொடக்கம் ஒன்று பத்து. முடிவு ஒன்று ஐம்பது என்று நான் எழுதினால் சப்தோவின் வைவா நாற்பது நிமிஷம், செல்லாது.

பேனாவால் அந்த 2:10இன்மேல் இன்னொரு தடவை எழுதினேன், நகல் எடுக்கும்போது மங்கிவிடாதபடி நன்றாக அழுத்தி. பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். ஜாத்மிகோ ஏட்டைத் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது செஷன் முடிய இரண்டு நிமிஷம்தான் இருந்தது. நான் மணி அடிக்கக் கீழே இறங்கிப் போனேன்.